மரத்தில் ஒரு வாத்து: அமெரிக்க வேட்டைக்காரர்கள் ஏன் இன்னும் செதுக்குகிறார்கள்?

மேரிலாந்துக்கு வேலை மாற்றலாகி வந்திருக்கும் ஒருவரின் கேள்வி இது: "என்னுடன் வேலை செய்பவர்களில் வாத்து வேட்டைக்குப் போகிற சிலர் ஓய்வு நேரத்தில் மரத்தில் வாத்து செதுக்குகிறார்கள். கடையில் பிளாஸ்டிக் வாத்து டஜன் கணக்கில் மலிவாகக் கிடைக்கிறதே, எதற்கு இந்தப் பாடு? நான் வேட்டைக்காரன் இல்லை. மர வேலையில் ஆசை உண்டு. நானும் தொடங்கலாமா? எதிலிருந்து தொடங்குவது?"

தாராளமாகத் தொடங்கலாம். ஆனால் உளியைக் கையில் எடுப்பதற்கு முன் அந்த வாத்து எதற்காகச் செய்யப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அலமாரியை அலங்கரிப்பதற்காக அது உருவாகவில்லை. அது ஒரு வேட்டைக் கருவி. அதன் ஒவ்வொரு வளைவுக்கும் தண்ணீரிலோ வானத்திலோ ஒரு காரணம் இருக்கிறது. காரணம் அறிந்து செதுக்கிய பறவையும் புகைப்படத்தைப் பார்த்து மட்டும் செதுக்கிய பறவையும் பத்தடி தூரத்திலேயே வேறு வேறாகத் தெரியும்.

வாத்துகள் கூட்டமாக வாழ்பவை. மேலே பறந்து போகும் வாத்து, கீழே தன் இனம் அமைதியாக மிதப்பதைக் கண்டால் அங்கே இரை உண்டு, பயமில்லை என்று நம்பி இறங்கும். பழக்கிய மானையும் கௌதாரியையும் பார்வையாகக் கட்டிவைத்து அவற்றின் இனத்தை இழுத்த வேட்டுவர்கள் நம் நிலத்திலும் இருந்தார்கள். இங்கே அந்தப் பார்வைப் பறவையை, அதாவது இனத்தை ஏமாற்றி இழுக்கும் போலிப் பறவையை, மரத்தில் செய்தார்கள். அவர்களுக்கும் முன்பே இந்த மண்ணின் பழங்குடியினர் அதைக் கோரையில் செய்திருந்தார்கள். நெவாடா மாநிலத்தின் லவ்லாக் குகையில் 1924-இல் நடந்த அகழாய்வில், கோரையை வளைத்துக் கட்டிச் செய்த 11 பார்வை வாத்துகள் கிடைத்தன. வயது ஏறத்தாழ 2,000 ஆண்டுகள். சிலவற்றின் மேல் நிறம் தீட்டி, உண்மையான இறகுகளும் செருகியிருந்தார்கள். கேன்வாஸ்பேக் என்ற வாத்தின் சரிவான நெற்றியும் அலகும் அதில் அப்படியே இருக்கின்றன. என்ன வாத்து என்று யாரும் சொல்லாமலே தெரிகிறது.

ஐரோப்பியக் குடியேறிகள் இதே உத்தியை மரத்துக்கு மாற்றினார்கள். மரம் பருவத்துக்குப் பருவம் தாங்கும். 19-ஆம் நூற்றாண்டில் ரயில் பாதைகள் வந்து பால்டிமோர், பிலடெல்பியா, நியூயார்க் ஓட்டல்களுக்குக் காட்டு வாத்து இறைச்சி போகத் தொடங்கியதும், ஓய்வு நேர வேலையாக இருந்தது தொழிலாகிவிட்டது. உங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத சஸ்க்விஹானா ஆற்றின் முகத்துவாரம்தான் இந்தச் சந்தையின் பெரிய களங்களில் ஒன்று. அங்கே ஆழமில்லாத நீரில் வளர்ந்த காட்டு செலரி என்னும் நீர்ப்புல்லைத் தின்ன கேன்வாஸ்பேக் வாத்துகள் பெருங்கூட்டமாக வந்தன. வேட்டைக்காரர்கள் ஆளை நீர்மட்டத்துக்குக் கீழே படுக்கவைக்கும் பெட்டி ஒன்றைச் செய்தார்கள். பெயர் சிங்க்பாக்ஸ். பெட்டியைச் சுற்றி மிதக்கும் பலகைகள்; அவற்றை நீர்மட்டத்துக்கு அழுத்த வார்ப்பிரும்பில் செய்த வாத்துகள்; அதைச் சுற்றிச் சில நூறு மர வாத்துகள். மேலிருந்து பார்க்கும் பறவைக்கு அங்கே மனிதன் இருப்பதே தெரியாது. ஒரு பெட்டிக்கே நூற்றுக்கணக்கில் மர வாத்து தேவைப்பட்டதால் ஊருக்கு ஊர் செதுக்குபவர்கள் பெருகினார்கள். டெட்ராய்ட்டில் மேசன் என்ற தொழிற்சாலை 1896 முதல் 1924 வரை இதை இயந்திரத்தில் கடைந்து, கையால் வண்ணம் தீட்டி, நாடெங்கும் விற்றது.

இந்த வரலாற்றில் பெருமைப்பட முடியாத பகுதி இது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. சந்தைக்காக நடந்த அந்த வேட்டை பறவைகளை அழிவின் விளிம்புவரை தள்ளியது. கரையோர உள்ளான்களைக்கூட விட்டுவைக்கவில்லை. அவற்றுக்கும் குச்சியில் நிற்கும் மரப் பார்வைகள் செய்யப்பட்டன. 1918-இல் வந்த வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டம் காட்டுப் பறவைகளை விற்பதைத் தடை செய்தது. 1934-இல் வாத்து வேட்டைக்குப் போகிற 16 வயது நிரம்பிய ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு மத்திய அரசு முத்திரைவில்லை (ஸ்டாம்ப்) வாங்கவேண்டும் என்ற விதி வந்தது. முதல் வில்லை ஒரு டாலர், இன்று 25 டாலர். அந்தப் பணம் ஏறக்குறைய முழுவதும் சதுப்பு நிலங்களை வாங்கிக் காப்பதற்குப் போகிறது. 1935-இல் சிங்க்பாக்ஸும், உயிருள்ள வாத்தைக் கட்டிவைத்துப் பார்வையாக்குவதும் தடை செய்யப்பட்டன.

இந்தச் சட்டங்கள் செதுக்குபவர்களை ஒழித்துவிடவில்லை. அவர்களின் வேலையை மாற்றின. சந்தைக்காக நூற்றுக்கணக்கில் செய்யவேண்டிய கட்டாயம் போனது. பொழுதுபோக்காக வேட்டைக்குப் போகிறவர் இரண்டு மூன்று டஜன் நல்ல பறவை கேட்டார். வாங்குபவரே பறவையை அறிந்தவராக இருந்ததால் செதுக்குபவரும் கூடுதல் கவனம் எடுக்க வேண்டியிருந்தது. இக்கலையில் இன்று போற்றப்படும் பெயர்களில் பல, வேறு தொழில் பார்த்துக்கொண்டே பட்டறையில் மாலை நேரங்களைக் கழித்தவர்களுடையவை. மேரிலாந்தின் கிரிஸ்பீல்டு நண்டுபிடி ஊர். அங்கே முடிதிருத்தகம் நடத்திய லெம் வார்டு, ஸ்டீவ் வார்டு என்ற சகோதரர்கள் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் வாத்து செதுக்கினார்கள். ஸ்டீவ் பெரும்பாலும் செதுக்குவார், லெம் வண்ணம் தீட்டுவார். சஸ்க்விஹானா முகத்துவாரத்து ஊரான ஹவர் டி கிரேஸில் மேடிசன் மிட்செல் ஈமச்சடங்கு நிலையம் நடத்தியவர். அவருடைய பட்டறையில் பழகிய இளைஞர்கள் ஒரு தலைமுறைச் செதுக்குநர்களாக வளர்ந்தார்கள். மெயின் மாநிலத்தின் கஸ் வில்சன் கலங்கரை விளக்கக் காவலர். உங்கள் சக ஊழியர்கள் அலுவலகம் முடிந்து வந்து செய்வது புதுப் பழக்கம் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இப்போது நீங்கள் கேட்ட 'பிளாஸ்டிக் இருக்கும்போது ஏன்' என்பதற்கு வருகிறேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிளாஸ்டிக் வந்தது உண்மை. மர வாத்துத் தொழில் அதனால் படுத்ததும் உண்மை. சேற்றில் அரை மைல் நடந்து மூன்று டஜன் பார்வைகளைச் சுமக்கவேண்டிய ஆள் பிளாஸ்டிக்கைத்தான் எடுப்பார், எடுப்பதுதான் புத்திசாலித்தனம். ஆனால் காற்று அடிக்கும் நாளில் கரையில் நின்று இரண்டையும் பாருங்கள். வெற்றுப் பிளாஸ்டிக் ஓடு காற்றில் துள்ளுகிறது, நங்கூரக் கயிற்றில் இப்படியும் அப்படியும் வெட்டி இழுக்கிறது. மரத்துக்கும் தக்கைக்கும் எடை உண்டு. அலை வரும்போது மார்பு மெல்ல எழும்பி, அலை கடந்தபின் வால் தாழ்ந்து, நிஜ வாத்து மிதப்பதுபோலவே மிதக்கும். படகில் போகிறவர்கள், அதிலும் திறந்த நீரில் வேட்டையாடுகிறவர்கள், ஒரு டஜனாவது மரமோ தக்கையோ வைத்துக்கொள்வது இதனால்தான். இன்னொரு காரணமும் இருக்கிறது. அதை அவர்கள் வாய்விட்டுச் சொல்வது குறைவு. வேட்டைப் பருவம் சில வாரங்களில் முடிந்துவிடும். மீதி ஆண்டு முழுக்க அந்தச் சதுப்பு நிலத்தோடு தொடர்பில் இருக்க வழி வேண்டும். சிலர் நாய் பழக்குகிறார்கள். சிலர் கடைசல் இயந்திரத்தில் வாத்துபோல் ஒலி எழுப்பும் ஊதல் செய்கிறார்கள். ஆர்கன்சா மாநிலத்தின் ஸ்டட்கார்ட் ஊரில் அந்த ஊதலுக்கென்றே 1936 முதல் போட்டி நடக்கிறது. சிலர் பறவை செதுக்குகிறார்கள்.

நீர்தான் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்பதற்கு ஊர்வாரியான பாணிகளைவிட நல்ல சான்று இல்லை. இந்தப் பகுதியைக் கொஞ்சம் நின்று சொல்ல ஆசை.

மெயின் கடற்கரை அலை மிகுந்தது. அங்கே செய்த பார்வைகள் அகலமானவை, இயல்பான அளவைவிடப் பெரியவை. தூரத்தில் அலைக்கு நடுவிலும் தெரியவேண்டும். படகின் அடியில் தூக்கிப் போடும்போது கழுத்துதான் முதலில் உடையும் என்பதால், உடலில் ஒரு குழி வெட்டி அதற்குள் கழுத்தின் அடியைப் பதித்தார்கள். நியூ ஜெர்சியின் பார்னெகாட் விரிகுடாவில் ஒருவர் படுத்து மறைந்துகொள்ளும் தாழ்வான சிறு படகுதான் வழக்கம். அதில் எடை ஏற்ற முடியாது. ஆகவே பக்கத்துச் சதுப்புக் காட்டில் கிடைத்த வெள்ளை சீடர் மரத்தை இரண்டு பாதியாக வெட்டி, உள்ளே குடைந்து, ஒட்டி, காற்றுப்போல் லேசான பறவை செய்தார்கள். சஸ்க்விஹானா முகத்துவாரத்திலோ பெரிய படகு இருந்தது, வேண்டியது எண்ணிக்கை. அதனால் குடையாத திடமான உடல், உருண்ட அடிவயிறு, அடியில் ஓர் ஈயத் துண்டு. இல்லினாய் ஆறு அமைதியான நீர். அங்கே செதுக்கிய பறவைகள் ஒல்லியாகவும் நளினமாகவும் இருக்கும். இறகு இறகாகச் சீப்பால் வரைந்த வண்ண வேலை அங்கேதான் உச்சம் பெற்றது. லூசியானாவில் சைப்ரஸ் மரத்தின் வேரும், சதுப்பு நீரில் நின்று வளரும் டுபெலோ மரத்தின் அடிப்பகுதியும் பயன்பட்டன. வட கரோலினாவின் கடற்கழிகளில் கம்பிச் சட்டத்தின் மேல் கான்வாஸ் துணியை இழுத்துத் தைத்து வண்ணம் பூசினார்கள்.

ஒரு பழைய பார்வை வாத்தைக் கையில் எடுத்து, அடியைத் திருப்பி, எடையைப் பார்த்து, கழுத்து சேரும் இடத்தைத் தடவினால் அது எந்த நீரில் மிதந்தது என்று சொல்லிவிடலாம். சேகரிப்பவர்கள் இதற்காகத்தான் மயங்குகிறார்கள். மாசசூசெட்ஸின் எல்மர் குரோவெல் செய்த இரண்டு பறவைகள் 2007-இல் தலா 11 லட்சத்து 30 ஆயிரம் டாலருக்கு விலைபோயின. ஒன்று இறகு கோதும் ஊசிவால் வாத்து, மற்றொன்று கனடா கூஸ். அந்த விலைக்கு ஒரு காரணம் உண்டு. வேலை செய்த பறவைகளுக்கு வேட்டைக்காரர்கள் ஆண்டுதோறும் புது வண்ணம் பூசிவிடுவார்கள். செய்தவர் தீட்டிய முதல் வண்ணத்தோடு பிழைத்தவை மிகக் குறைவு.

சரி, நீங்கள் எதிலிருந்து தொடங்குவது?

முதல் பறவையாக ஆண் ஸ்காப் வாத்தைச் செய்யுங்கள். வேட்டைக்காரர்கள் ப்ளூபில் என்பார்கள். தலையும் மார்பும் பின்பக்கமும் கறுப்பு, விலா வெள்ளை, முதுகு சாம்பல், அலகு நீலச் சாம்பல். வண்ண வேலை எளிது, உடல் குட்டையாகவும் உருண்டும் இருக்கும், மெல்லிய வால் உடையும் கவலை இல்லை. அழகில் மயங்கி ஊசிவாலில் தொடங்குகிறவர்கள் அந்த நீண்ட கழுத்திலும் வாலிலும் திணறிப் போகிறார்கள்.

மரத்துக்கு வெள்ளை சீடர் கிடைத்தால் நல்லது. லேசானது, நீரில் எளிதில் அழுகாது, கத்தி சுகமாக ஓடும். கிடைக்காவிட்டால் கணு இல்லாத வெள்ளை பைன். தலைக்கு பாஸ்வுட் நன்றாக ஒத்துழைக்கும். டுபெலோவின் புகழைக் கேள்விப்படுவீர்கள். அது சுழலும் மின்கருவியால் இறகு நுணுக்கம் செதுக்குபவர்களின் மரம், பஞ்சு பஞ்சாக எழும்பாது. கைக்கத்திக்காரர் அதற்காக அலைய வேண்டாம். எந்த மரமானாலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரமான கட்டையில் செதுக்கினால் வண்ணம் பூசிய பிறகு மார்பில் வெடிப்பு விடும்.

உடலையும் தலையையும் தனித்தனியாகச் செய்வதுதான் முறை. மரத்தின் நார் ஓடும் திசைதான் இதற்குக் காரணம். ஒரே கட்டையில் செய்தால் உடலுக்கு வசதியான நாரோட்டம், திரும்பிய தலையின் அலகுக்குக் குறுக்காக விழும். குறுக்கு நாருள்ள அலகு ஒரு தட்டில் ஒடிந்துவிடும். தனியாகச் செய்தால் அலகின் நுனிவரை நார் நேராக ஓடும்படி தலையை வெட்டலாம். தலையை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது என்பதையும் கடைசிவரை தள்ளிப்போடலாம்.

அட்டையில் இரண்டு வரைவுகள் வேண்டும்: பக்கத்திலிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று. மேலிருந்து பார்க்கும் வரைவை அலட்சியம் செய்யாதீர்கள். வானத்திலிருந்து வரும் வாத்து பார்க்கப்போவது அதைத்தான். இரண்டு அங்குலப் பலகைகளை ஒட்டிக் கட்டையாக்கி, இரண்டு வரைவையும் அதில் பதித்து, பட்டை ரம்பத்தில் வெட்டிக்கொள்ளுங்கள். ரம்பம் இல்லாவிட்டால் யாரிடமாவது வெட்டி வாங்கலாம். முற்காலத்தில் இந்த வேலை கைக்கோடாலியால் நடந்தது. பிறகு முதுகின் நடுவே மார்பிலிருந்து வால்வரை பென்சிலால் ஒரு கோடு. இந்த நடுக்கோடு எந்த நேரமும் கண்ணில் பட வேண்டும். சீவச் சீவ அழியும். அழிந்தவுடன் மறுபடி வரையுங்கள். கோடு போனால் பறவை ஒரு பக்கம் சாயத் தொடங்குவது உங்கள் கண்ணுக்கே தெரியாது.

இரண்டு கைப்பிடி உள்ள இழுப்புக் கத்தியால் தன்னை நோக்கி இழுத்து மூலைகளை எடுப்பதுதான் இந்த வேலையின் இன்பமான பகுதி. நாரோட்டத்தோடு போனால் நீளச் சுருளாகச் சீவல் வரும். எதிராகப் போனால் கத்தி உள்ளே குத்தி மரத்தைப் பிய்க்கும். உடனே நிறுத்தி, கட்டையைத் திருப்பி, மறுபக்கத்திலிருந்து வாருங்கள். உடல் வட்டமானதால் திசை நடுவழியில் மாறிக்கொண்டே இருக்கும். மார்பிலிருந்து விலாவுக்கு ஒரு திசை, வாலிலிருந்து விலாவுக்கு எதிர்த்திசை. இது கைக்குப் பழகியபின் கத்தி தானே திரும்பும். அதற்குப் பின் அரம், அதற்குப் பின் உப்புத்தாள். மிதக்கப்போகும் பறவைக்கு அதிகம் தேய்க்காதீர்கள். லேசான கத்தித் தடம் வெளிச்சத்தை உடைக்கிறது. பளபளப்பான பரப்போ வெயிலில் மின்னிப் பறவையை விரட்டும்.

முங்கி இரை தேடும் ஸ்காப், கேன்வாஸ்பேக் போன்றவை நீரில் தாழ்ந்து மிதக்கும், வால் நீரைத் தொடும். தலையை மட்டும் நீருக்குள் கவிழ்த்து மேயும் மல்லார்ட், ஊசிவால் போன்றவற்றின் வால் நீரைவிட்டு உயர்ந்திருக்கும். ஸ்காப்பின் வாலைத் தூக்கிவிட்டால் வேட்டைக்காரர் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார். கழுத்தும் முக்கியம். கழுத்தை நீட்டி விறைத்து நிற்கும் வாத்து ஆபத்தைக் கண்ட வாத்து. அப்படிப் பத்து வைத்தால் வருகிற கூட்டம் விலகிப்போகும். தலையைத் தோளுக்குள் இழுத்து உறங்குவதும் மேய்வதும்தான் 'இங்கே வரலாம்' என்று சொல்லும் நிலைகள். முதல் பறவைக்குத் தாழ்ந்த தலை வையுங்கள்; செய்வதும் எளிது.

முகத்தில் எல்லாரும் தடுமாறும் இடம் கண். வாத்துக்குக் கண் தலையின் பக்கவாட்டில், மேல்பாதியில் இருக்கிறது. கன்னம் அதற்குக் கீழே புடைத்திருக்கும். அலகின் அடியிலிருந்து பின்னோக்கி ஆழமற்ற ஒரு பள்ளம் ஓடும், கண் அதில் உட்காரும். அந்தப் பள்ளத்தைச் செதுக்காமல் தட்டையான பக்கத்தில் கண்ணாடிக் கண்ணை ஒட்டினால் பொம்மை முகம் வந்துவிடும். முன்பக்கமிருந்து பாருங்கள்: நெற்றி குறுகி, கன்னம் அகன்று தெரிந்தால் சரி. மனித முகம்போலக் கண்ணைக் கீழேயும் முன்னேயும் வைக்கத்தான் கை போகும். அதைத் தடுக்க ஒரே வழி நிஜ வாத்தைப் பார்ப்பது.

உடலைக் குடைவதென்றால், மேல், கீழ் என இரண்டு பாதியாகப் பிரித்து, தட்டையான அடி விழும் துரப்பண முனையால் உள்ளே எடுத்து, முக்கால் அங்குலச் சுவர் விடுங்கள். எடை குறைவதோடு, திடமான கட்டை காயும்போது விடும் வெடிப்பும் தவிர்க்கப்படும். சேரும் இடத்தை நீர்புகா எப்பாக்ஸியால் ஒட்டுங்கள்.

அடுத்ததுதான் தேர்வு. வண்ணம் பூசும் முன், நீர் ஏறாமல் சீலர் பூச்சு கொடுத்த பறவையைக் குளியல் தொட்டியில் விடுங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் வருந்த வேண்டாம், மரத்தின் அடர்த்தி எல்லா இடத்திலும் ஒன்றில்லை. நான்கிலிருந்து ஆறு அவுன்ஸ் ஈயத்தை ரப்பர் வளையத்தால் அடியில் மாட்டி, விரல் அகலம் விரல் அகலமாக நகர்த்துங்கள். நீர்க்கோடு இரு விலாவிலும் சமமாக வந்ததும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பறவையைத் தலைகீழாகக் கவிழ்த்து விடுங்கள். தானாகப் புரண்டு நிமிர வேண்டும். இருட்டில் படகிலிருந்து எறியும் வேட்டைக்காரனுக்கு ஒவ்வொன்றையும் நிமிர்த்தி வைக்க நேரமில்லை. நிமிராவிட்டால் ஈயத்தைச் சற்றுக் கூட்டுங்கள், அல்லது அடியில் ஒரு குறுகிய மரக்கட்டை பொருத்தி அதன் நுனியில் ஈயத்தை வையுங்கள். போட்டிகளிலும் வேட்டைப் பிரிவுப் பறவைகளை நீர்த்தொட்டியில் மிதக்கவிட்டுத்தான் மதிப்பிடுகிறார்கள். எவ்வளவு நுணுக்கமாக இறகு செதுக்கியிருந்தாலும் சாய்ந்து மிதக்கும் வாத்து எனக்கு வேலை முடிவடையாத வாத்துதான்.

வண்ணம் எண்ணெய் வகையோ அக்ரிலிக்கோ, மினுமினுப்பு இல்லாததாக இருக்கட்டும். ஸ்காப்பின் முதுகில் மெல்லிய அலை வரிகள் உண்டு. அவற்றைத் தூரிகையால் ஒவ்வொன்றாக இழுக்க வேண்டியதில்லை. கீழே கருஞ்சாம்பல் பூசி உலரவிடுங்கள். அதன்மேல் ஈரமான வெளிர்சாம்பல். அது காய்வதற்குள், மரவேலைப் பூச்சுக்காரர்கள் நார்க்கோடு போடப் பயன்படுத்தும் சீப்பை நெளித்து நெளித்து இழுத்தால் அடிநிறம் அலை அலையாக வெளிவரும். கொஞ்சம் கோணலாக வந்தாலும் நிஜப் பறவையின் முதுகு அப்படித்தான் இருக்கிறது.

பாதுகாப்பு பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டியவை: சீடர் மரத்தூள் நுரையீரலைக் கெடுக்கும், அதிலும் மேற்குச் சிவப்பு சீடர் தூள் ஆஸ்துமா வரவழைப்பது மருத்துவர்கள் அறிந்தது, முகமூடி இல்லாமல் தேய்க்காதீர்கள். தலையைக் கையில் பிடித்துச் செதுக்கும்போது பிடிக்கும் கைக்கு வெட்டுத்தாங்கும் கையுறை போடுங்கள். ஈயத்தைத் தொட்டபின் கை கழுவுங்கள், வீட்டில் உருக்க வேண்டாம்.

சட்டம் பற்றி ஒன்று. மாதிரிக்காகப் பறவையின் இறகு வேண்டும் என்று குளக்கரையில் கிடப்பதை எடுத்துச் சேர்க்காதீர்கள். 1918 சட்டப்படி பெரும்பாலான வலசைப் பறவைகளின் உதிர்ந்த இறகைக்கூட அனுமதியின்றி வைத்திருக்கக் கூடாது. முறைப்படி வேட்டையாடிய வாத்து உங்கள் சக ஊழியர்களிடம் இருக்கும். பருவத்தில் ஒன்றை அருகில் பார்க்கக் கேளுங்கள், சிறகு விலாவுக்குள் எப்படிச் செருகிக்கொள்கிறது என்று விரித்துக் காட்டுவார்கள். நீங்கள் வேட்டைக்காரர் இல்லை என்பது குறையே இல்லை. ஆனால் வேட்டைக்காரர் பறவையைப் பார்த்த அளவுக்கு நீங்களும் பார்த்தாக வேண்டும். விடியலில் ஒரு தொலைநோக்கியோடு விரிகுடாக் கரையில் உட்கார்ந்து, மிதக்கும் வாத்துகளைக் கிறுக்கலாக வரையுங்கள். விவரம் வேண்டாம், உடல் நீரில் எவ்வளவு மூழ்குகிறது, கழுத்து எங்கிருந்து எழுகிறது, இவை போதும்.

ஊர் திரும்பினால் இந்தப் பொழுதுபோக்கைத் தொடர முடியுமா என்று யோசிக்கிறீர்களானால், தாராளமாக முடியும். இந்தியாவில் 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டைக்கு இடமில்லை, செதுக்குவதற்குத் தடையில்லை. இங்கே செதுக்கும் ஊசிவாலும் தட்டைவாயனும் அங்கே கோடியக்கரைக்கும் வேடந்தாங்கலுக்கும் குளிர்காலத்தில் வருகிற அதே இனங்கள். மரத்துக்குக் குமிழ் இருக்கிறது, லேசானது, செதுக்க இணக்கமானது.

கருவி வாங்குவதற்கு முன் ஹவர் டி கிரேஸில் உள்ள பார்வை வாத்து அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் போய்வாருங்கள். மிட்செல் காலத்து வேலைகளை அங்கே கிட்டத்தில் பார்க்கலாம். நவம்பரில் ஈஸ்டனில் நீர்ப்பறவை விழா நடக்கும். செதுக்குபவர்கள் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள், கேட்டால் சொல்லித்தரத் தயங்காதவர்கள். தொடக்கத்துக்கு ஒரு நல்ல செதுக்குக் கத்தி, இழுப்புக் கத்தி, ஓர் அரம், உப்புத்தாள், தீட்டுக்கல் இவை போதும். இந்த ஐந்திலும் தீட்டுக்கல்லுக்குத்தான் கொஞ்சம் கூடுதலாகச் செலவழியுங்கள். மழுங்கிய கத்தியால் வெட்டுப்பட்டவர்களே அதிகம். முதல் தலை முடிந்ததும் அதை எடுத்துக்கொண்டு உங்கள் சக ஊழியர்களிடம் போங்கள். கண்ணின் இடம் சரியா என்று மட்டும் கேளுங்கள்.